610 மணி நேரமே பறந்த ஹெலிகாப்டர்: மலிவா, வலையா?

கேள்வி: என் அக்கா மகன் லீக் கிரிக்கெட் வீரர், வயது 27. வரி போக ஆண்டுக்கு ரூ.9 கோடி நிற்கிறது. துபாயில் ஒருவர் 9 ஆண்டு பழைய ராபின்சன் ஆர்66 ஹெலிகாப்டரை ரூ.5 கோடிக்குத் தருகிறாராம். 610 மணி நேரம்தான் பறந்ததாம். சொந்த உபயோகத்துக்குத்தான், ஆண்டுக்கு 80 மணி நேரம். ஓட்டவும் கற்கிறான். வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: இந்த விலைக்கு வேண்டாம்.

குறைவாகப் பறந்தது என்பதுதான் இதில் வலை. ஆர்66-க்கு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) செய்தாக வேண்டும். உங்கள் மருமகன் 3 ஆண்டு ஓட்டினாலும் மொத்தம் 850 மணி நேரம்தான் ஆகும்; அதற்குள் காலக்கெடு வந்துவிடும். மீதி 1,150 மணி நேரம் வீண். மேலே சுழலும் மெயின் ரோட்டர் பிளேடுகளுக்கும் இதே 12 ஆண்டுக் கெடுதான். விற்பவர் இப்போது கைகழுவ நினைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது வரி. சொந்த உபயோகத்துக்கு இறக்குமதியாகும் ஹெலிகாப்டருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40%. ரூ.5 கோடிக்கு அதுவே ரூ.2 கோடி, சுங்க வரி தனி. தனிநபர் உபயோகத்துக்கு வருமான வரியில் தேய்மானக் கழிவும் கிடையாது. சம்பள பைலட், ஹாங்கர் (நிறுத்திவைக்கும் கொட்டகை), பராமரிப்பு நிறுவனம், இன்சூரன்ஸ் எல்லாம் பறக்காத மாதத்திலும் ஓடும். வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: தனியார் பிரிவில் பதிவான ஹெலிகாப்டரில் காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றுவது சட்டவிரோதம். 'எரிபொருள் காசு மட்டும்' என்பதும் அதே கதைதான்.

அவரே ஓட்டுவதாக இருந்தால் இன்சூரன்ஸ் பாலிசியில் பைலட் பிரிவை வரிவரியாகப் படியுங்கள். உரிமம், மருத்துவச் சான்று, அந்த ரகத்தில் பறந்த மணி நேரம், இவற்றில் ஒன்று குறைந்தாலும் இழப்பீடு சிக்கலாகும். ராலி சாம்பியன் காலின் மெக்ரே 2007-ல் ஸ்காட்லாந்தில் தன் ஹெலிகாப்டரை ஓட்டி விபத்தில் இறந்தபோது, அவரது உரிமம் 2005-லேயே காலாவதியாகியிருந்தது விசாரணையில் தெரிந்தது. நம்மூர் விபத்துக் காப்பீட்டுப் பாலிசிகள் பொதுவாகப் பயணியாகப் பறந்தால் பணம் தரும், ஓட்டினால் தராது. அவரது ஆட்ட ஒப்பந்தத்தில் 'ஆபத்தான செயல்கள்' தடைப் பிரிவு இருக்கிறதா என்பதையும் வக்கீல் பார்க்கட்டும்.

80 மணி நேரத்துக்கு சார்ட்டர், அதாவது வாடகை ஹெலிகாப்டர், போதும். வாடகைக்குத் தரும் நிறுவனத்திடம், விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ தரும் வாடகைச் சேவை அனுமதி (என்எஸ்ஓபி) இருக்கிறதா, வரும் ஹெலிகாப்டர் அந்த அனுமதியில் சேர்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டு எஞ்சின், இரண்டு பைலட் கேளுங்கள். அமெரிக்க கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரயன்ட் 2020 ஜனவரி 26-ல் போனதும் சார்ட்டரில்தான். அந்த நிறுவனத்துக்குக் கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே அனுமதி, பைலட்டோ மேகத்துக்குள் நுழைந்துவிட்டார். 9 பேர் மாண்டார்கள். எனவே வானிலை சரியில்லை என்று பைலட் மறுத்தால் ஒரு வார்த்தை பேசாமல் காரில் கிளம்ப வேண்டும். அந்தக் கார் செலவையும் ரத்துக் கட்டணத்தையும் பட்ஜெட்டிலேயே வையுங்கள்.

வாங்கியே தீருவேன் என்கிறாரா? ஓவர்ஹால் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முன்பணம் தரும் முன், விற்பவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் எஞ்சினியரை அனுப்பி லாக்புக்கையும் (பறந்த, பராமரித்த பதிவேடு) எஞ்சினையும் பார்க்கச் செய்யுங்கள். துபாய் மணல் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசரை அரித்திருக்கலாம். கடல் காற்றில் துரு ஏறியிருக்கலாம். போரோஸ்கோப் (குழாய் கேமரா) போட்டு எஞ்சின் உள்ளே பார்க்க விற்பவர் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.