ரீவோ மடாலயக் கல் துண்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இங்கிலாந்தின் ரீவோ மடாலயத்துச் செதுக்கு கற்கள் ஏன் இடிபாட்டிலேயே இல்லாமல் கிடங்கில் இருக்கின்றன?

பதில்: யார்க்‌ஷயரில் 1132இல் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவறச் சபையினர் நிறுவிய மடாலயம் அது. 1538இல் எட்டாம் ஹென்றி ஆட்சியில் மூடப்பட்டது. கூரை ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டார்கள். 1917இல் அரசுப் பராமரிப்புக்கு வந்தது. 1920களில் மண்ணை அகற்றியபோது ஏராளமான துண்டுகள் கிடைத்தன. சுவர்களை வெளிக்கொணர்வதே அன்றைய நோக்கம்; எந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்று யாரும் கவலைப்படவில்லை. ஆகவே இப்போது கல்லே சாட்சி. வெளியே விட்டால் மழையும் உறைபனியும் அந்தச் சாட்சியையும் அழித்துவிடும். ஹெல்ம்ஸ்லியில் உள்ள, பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் கிடங்குக்கு அவை போனது அதனால்தான்.

கேள்வி: அழுக்கைக் கழுவலாமா?

பதில்: வேண்டாம். செதுக்கின் பள்ளங்களில் சுண்ணாம்புப் பூச்சும் சிவப்புக் கோடும் ஒட்டியிருக்கலாம். பூச்சின் மேல் கல் இணைப்பு போலக் கோடு வரைவது அக்காலக் கட்டடக்காரர்கள் வழக்கம். முதலில் பக்கவாட்டிலிருந்து விழும் சாய்வு ஒளியில் படம் எடுங்கள், பிறகு மென்தூரிகை. செதுக்காத பின்பக்கத்தையும் பாருங்கள்: பல்லுளியின் (பல் பல்லாக விளிம்புள்ள உளி) தடம் இருந்தால் பெரும்பாலும் சுமார் 1200க்குப் பிந்திய வேலை.

கேள்வி: கல்லில் வெள்ளைப் பொடி பூக்கிறது. வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

பதில்: அது உப்பு. ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் படிகமாகித் துளைகளை உள்ளிருந்து பிளக்கும். வார்னிஷ் அடித்தால் உப்பு அதன் பின்னால் சேர்ந்து செதுக்கு முகத்தையே தோலாக உரித்துவிடும். சாப்பாட்டு உப்புக்கு ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதம்தான் எல்லைக்கோடு. அதை அடிக்கடி கடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டரைப் போட்டு அணைப்பதைவிடச் சீரான குளிர் மேல்.

கேள்வி: வளைவுக்கல் ஒன்றே இருக்கிறது. வாசலின் அகலம் தெரியுமா?

பதில்: உள்விளிம்பின் இரு முனைகளை இணைக்கும் நேர்க்கோட்டின் நீளத்தையும் (நாண்), அந்தக் கோட்டிலிருந்து வளைவு நடுவில் விலகும் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். நாணின் வர்க்கத்தை ஆழத்தின் 8 மடங்கால் வகுத்து, ஆழத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நாண் 40 செ.மீ., ஆழம் 2 செ.மீ. என்றால் ஆரம் 101 செ.மீ. அரைவட்ட வளைவானால் அகலம் ஏறக்குறைய 2 மீட்டர். ஆழத்தை 1 மி.மீ. குறைத்து அளந்தாலே ஆரம் 106 ஆகிவிடும், ஆகவே மூன்று முறையாவது அளக்கவும். கூர்வளைவுக்கு ஆரம் மட்டும் போதாது.

கேள்வி: கல்லின் பதிவு எண்ணை எங்கே எழுதுவது?

பதில்: உடைந்த முகத்தில். அசிட்டோனில் கரைத்த 20 சதவீதப் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பூசி, காய்ந்ததும் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. ஈரக் கல்லில் உரிந்துவிடும்.

கேள்வி: அடுக்கி வைக்கலாமா?

பதில்: கூடாது. 30 செ.மீ. கனசதுரமே 60 கிலோவைத் தாண்டும். மரத்தட்டில் பாலிஎதிலீன் நுரை விரித்து, செதுக்கு முகம் மேலே இருக்க, ஒற்றை வரிசையாக வையுங்கள்.