நாகர்கோவிலில் புதிதாக ஆலோசனை நிறுவனம் தொடங்கியவர், உள்ளூர் வணிகர் கூட்டங்களுக்கும் ஊர் விழாக்களுக்கும் நேரமும் பணமும் செலவிடுவதால் பயன் உண்டா?

பயன் உண்டு. எவ்வளவு என்பது அந்தக் கூட்டத்தில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பத்தோடு பதினொன்றாகப் போய் விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டு வருபவருக்குக் கிடைப்பது சொற்பம். சந்தித்தால் இருவருக்கும் லாபம் என்றிருந்தும் இதுவரை சந்திக்காத இரண்டு தொழில்காரர்களை நேருக்கு நேர் உட்கார வைப்பவருக்குக் கிடைப்பது அதிகம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் ஆலோசனை நிறுவனம் செய்யக்கூடிய உருப்படியான பொதுவேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நானும் நாகர்கோவிலில் இதே தொழிலில்தான் இருக்கிறேன். கணக்கு, ஜி.எஸ்.டி., வங்கிக் கடன் கோப்பு, மானிய விண்ணப்பம் என்றுதான் என் நாள் போகிறது.

இதை ஏன் ஆலோசகர் செய்ய வேண்டும்? இரண்டு பக்கத்துக் கணக்குப் புத்தகத்தையும் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். எங்களிடம் கணக்குப் பார்க்கும் முந்திரி ஆலை ஒன்று, இயந்திரம் பழுதானால் கொல்லத்திலிருந்து ஆள் வரவழைத்துக்கொண்டிருந்தது. அதே உதிரிபாகத்தைக் கடைந்து கொடுக்கக்கூடிய லேத் பட்டறை கோணம் தொழிற்பேட்டையில் இருந்தது. அதுவும் எங்கள் வாடிக்கையாளர்தான். இரண்டு பேரும் இந்த ஊர்க்காரர்கள், ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. முந்திரிக்காரருக்குத் தொடர்பெல்லாம் மேற்கே கேரளத்தில். பட்டறைக்காரருக்கு வடக்கே திருநெல்வேலியில். மாவட்டத்தின் வணிகமே இப்படித்தான் முதுகோடு முதுகு சாய்ந்து கிடக்கிறது.

இந்த வேலை இங்கே புதிதும் அல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில், 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்துக்கு வந்த ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் கற்றுக்கொடுத்ததோடு நிறுத்தவில்லை. தேனையும் முட்டையையும் கூட்டாக விற்க ஊர்க்காரர்களைச் சேர்த்துவிட்டார். வேலையை மக்களே செய்ய வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் இருந்து யோசனை சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மார்த்தாண்டம் தேனுக்கு இன்றும் இருக்கும் பெயருக்குப் பின்னால் அந்தக் கூட்டுவிற்பனையின் வரலாறு இருக்கிறது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதலில் நேரம். இதில் தவறினால் மற்றவை எதுவும் பலிக்காது.

வணிகர் சந்திப்பு என்றதும் பலர் நினைப்பது பி.என்.ஐ. (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) பாணிக் கூட்டத்தைத்தான். விடிந்ததும் ஹோட்டலில் சிற்றுண்டி, வாரம் ஒருமுறை, ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர், ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைத்தல். 1985-இல் அமெரிக்காவில் இதைத் தொடங்கிய ஐவன் மைஸ்னரும் ஓர் ஆலோசகரே. தன் தொழிலுக்குப் பரிந்துரைகள் தேவைப்பட்டதால்தான் தொடங்கினார். கட்டட ஒப்பந்தக்காரர், காப்பீட்டு முகவர், பல் மருத்துவர், அச்சகம் வைத்திருப்பவர் ஆகியோருக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது. உங்களுக்கு அத்தகைய வாடிக்கையாளர்கள் போதும் என்றால் தாராளமாகச் சேருங்கள்.

ஆனால் இந்த மாவட்டத்தின் முக்கியமான தொழில்கள் எல்லாம் விடியற்காலையில் நடப்பவை. தோவாளை பூச்சந்தை விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். துறைமுகங்களில் காலையில் மீன் ஏலம். இவர்களை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட அழைத்தால் யாரும் வரமாட்டார்கள். வருவது நம்மைப் போன்ற ஆலோசகர்களும் முகவர்களும்தான். மாலை நான்கு மணிக்கு மேல் வையுங்கள். வெள்ளியும் ஞாயிறும் வேண்டாம்.

நாள்காட்டியையும் கவனியுங்கள். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் தோவாளை வியாபாரியிடம் பேச்சே எடுக்காதீர்கள். விசைப்படகு உரிமையாளர்கள், வலைக் கடைக்காரர்கள், ஐஸ் ஆலைக்காரர்கள் சேர்ந்து உட்கார மீன்பிடித் தடைக்காலம்தான் ஏற்ற நேரம். படகு கரையில் நிற்கும், பழுதுபார்ப்பும் கடனும்தான் அப்போது பேச்சு. நம் மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரையும் உண்டு என்பதால் தடைக்காலமும் இரண்டு. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரு தரப்பும் ஒன்றாகக் கரையில் இருப்பது ஜூன் முதல் பாதியில் மட்டும்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் நாகர்கோவிலிலேயே வைத்துக்கொண்டு, மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து விளவங்கோட்டுக்காரர்கள் வரவில்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒருமுறை, தக்கலையில் ஒருமுறை என்று மாற்றி வையுங்கள்.

அடுத்து, கூட்டத்துக்கு ஒரு காரணம் வேண்டும். பொதுவாக அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று அழைத்தால் வந்தவர்கள் மறுமுறை வரமாட்டார்கள். நான் கலந்துகொண்ட ஒரு நிகழ்ச்சியில், அதை நடத்திய நிறுவனம் மாலை முழுவதும் தன் சேவைத் திட்டங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயிறு ஆலைக்காரர் சாப்பாடு வரும் முன்பே எழுந்து போனார். கடையைப் பூட்டிவிட்டு வருகிறவருக்கு அன்றைய வியாபாரம் நட்டம். அந்த நட்டத்துக்கு ஈடாக அவர் கையில் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

காரணத்துக்குப் பஞ்சம் இல்லை. மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடசேரியில் செய்யப்படும் கோவில் நகைகளுக்கும் நம் மலைக் கிராம்புக்கும் குறியீடு இருக்கிறது. ஊருக்கே கிடைத்துவிட்டது, இனி நாமும் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குறியீடு ஒரு சங்கத்தின் அல்லது அமைப்பின் பெயரில் பதிவாகியிருக்கும். அதைத் தன் பொருளில் பயன்படுத்த விரும்பும் ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். விவசாயி, பொற்கொல்லர், வெளியூருக்கு அனுப்பும் வியாபாரி ஆகியோரை ஒரு மாலை உட்கார வைத்து, அந்த விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிக் கொடுங்கள். பத்துப் பேச்சாளர்களை அழைப்பதைவிட இது மேல்.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். நமக்கு இரு பக்கத்துக் கணக்கும் தெரியும் என்றேனே, அதுவே ஆபத்தும் கூட. முந்திரி ஆலைக்கும் பட்டறைக்கும் அறிமுகம் செய்யும் முன், இருவரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்டோம். முந்திரிக்காரர் பழுதுக்கு எவ்வளவு செலவழிக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். பட்டறைக்காரரிடம் அதைச் சொல்லவில்லை. விலையை அவர்களே பேசிக்கொண்டார்கள். அறிமுகத்துக்குக் கமிஷன் வாங்கவும் இல்லை. வாங்கியிருந்தால் அடுத்த முறை நாங்கள் ஒருவரைக் கைகாட்டும்போது, அது நம்பிக்கையாலா காசுக்காகவா என்ற கேள்வி எழும். சிறிய ஊர் இது; கோட்டாறு கம்போளத்தில் (சந்தையில்) காலையில் சொன்ன சொல் மாலைக்குள் மார்த்தாண்டம் போய்விடும். நீங்கள் பட்டயக் கணக்கர் என்றால் இது சட்ட விஷயமும் கூட. தொழில் கேட்டுப் போவதற்கும், தொழிலில் இல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடுவதற்கும் 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. வழக்கறிஞர்களுக்கும் இத்தகைய விதிகள் உண்டு. கூட்டாளிகளில் யாராவது அந்தத் தொழிலில் இருந்தால், பேனர் அச்சடிக்கும் முன் விதியைப் படித்துவிடுங்கள்.

ஊர் விழாக்களுக்கு வருவோம். கோவில் கொடை விழா வளைவில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஒரு வாடிக்கையாளர்கூட வந்ததாக எனக்குத் தெரியவில்லை. பணம் கொடுப்பதைத் தடுக்க மாட்டேன். பக்தியாலோ ஊர்ப்பாசத்தாலோ கொடுப்பது வேறு, அதைக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டும். நிறுவனமாகச் செய்ய விரும்பினால் உங்கள் கைத்தொழிலைக் கொடுங்கள். விழாக் கமிட்டியின் வரவு செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதி, தணிக்கை செய்து, விழா முடிந்ததும் பலகையில் ஒட்டும்படி தயார் செய்து கொடுங்கள். வீட்டுக்கு வீடு வரி வசூலித்து நடக்கும் விழாவில் கணக்குதான் சண்டைக்குக் காரணம் ஆகிறது. அந்தச் சண்டையைத் தவிர்த்துக் கொடுத்தவரை ஊர் மறப்பதில்லை. ஒரு சமயத்தார் விழாவுக்குச் செய்தால் மற்றவர்களுக்கும் செய்யுங்கள். நாகராஜா கோவில் தைத் திருவிழா, கோட்டாறு சவேரியார் திருவிழா, தக்கலை பீர் முகமது அப்பா தர்கா ஆண்டு விழா என்று எல்லாச் சமயத்தாரும் கலந்து வாழும் மாவட்டத்தில், ஒரே பக்கம் நிற்கும் ஆலோசகரிடம் மறுபக்கத்தார் கணக்கைத் திறந்து காட்டத் தயங்குவார்கள்.

ரோட்டரியின் தொடக்கத்தையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியபோது, வெவ்வேறு தொழில்காரர்கள் தங்களுக்குள் பழகவும் வியாபாரம் கொடுத்து வாங்கவும்தான் கூடினார்கள். சில ஆண்டுகளிலேயே நகரத்தில் பொதுக் கழிப்பறை கட்ட முன்னின்றார்கள்; பொதுச்சேவை பக்கம் திரும்பிய பிறகுதான் அந்த அமைப்பு உலகமெல்லாம் பரவியது.

முதல் கூட்டத்துக்கு என்ன பொருள் என்று கேட்டால், வராத பணம் என்பேன். நம் மாவட்டத்தின் சிறு ஆலைகளைக் கொல்வது அதுதான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாட்களுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இந்தப் பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான், வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு வேண்டும். அது இலவசம். வருகிறவர்களுக்கு அங்கேயே ஒரு மடிக்கணினியில் பதிந்து கொடுங்கள், அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள்.

விற்பவர்களை மட்டும் அழைக்காமல், பணம் தர வேண்டிய பெரிய ஆலைக்காரர்கள் சிலரையும், ஒரு வங்கி மேலாளரையும், மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஓர் அலுவலரையும் அழையுங்கள். முப்பது பேருக்கு மேல் வேண்டாம். அழைப்பிதழில் உங்கள் நிறுவனத்தின் பெயர் கீழே சிறிய எழுத்தில் இருந்தால் போதும். எத்தனை மணிக்கு முடியும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.