மாமரக் கட்டையின் நடுவில் சாயம் ஏறாததற்கு

தண்டையார்பேட்டை நண்பருக்கு,

கத்திப்பிடிக்கான மாமரக் கட்டையை நீலச் சாயம் கலந்த ரெசினில் (மரத்துளைகளில் ஏறி, சூட்டில் இறுகும் பிசின்) மூழ்கவைத்து, வேக்யூம் பம்பால் காற்றை இழுத்து, பிறகு அறுத்தால் மேலே மட்டும் நீலம், நடுவில் வெள்ளை என்கிறீர்கள். சாயத்தைத் திட்டாதீர்கள், முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். நம்ம கடலோரக் காற்றில் மாதக்கணக்கில் காய்ந்த கட்டையிலும் 10 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிற்கும். ஓவனில் 105 டிகிரியில் ஒரு நாள் வைத்து எடை போடுங்கள். இன்னொரு மணி நேரம் ஓவனில் வைத்துத் திரும்பப் போட்டாலும் எடை இறங்காவிட்டால்தான் காய்ந்ததாக அர்த்தம். அப்புறம் ஜிப் கவரில் மூடி ஆறவிடுங்கள். திறந்து வைத்தால் திரும்ப ஈரம் குடிக்கும். சூட்டோடு ரெசினில் போட்டால் டப்பாவிலேயே ரெசின் இறுக ஆரம்பித்துவிடும்.

குமிழி நின்றதும் கட்டையை எடுத்துவிட்டீர்களாமே, அது இன்னொரு கோளாறு. வேக்யூம் காற்றை வெளியே இழுக்கும், அவ்வளவுதான். பம்பை நிறுத்தி, காற்றை உள்ளே விட்ட பிறகுதான் ரெசின் துளைகளுக்குள் ஏறும். மேலே பாரம் வைத்து ராத்திரி முழுக்க மூழ்கியே கிடக்கட்டும்.

காசிமேட்டுப் படகுக்காரர்கள் பூசும் ஃபைபர் ரெசின் இதற்கு வேண்டாம், கெட்டி. சூட்டில் இறுகும் ஸ்டெபிலைசிங் ரெசினும் அதற்கான சாயமும்தான் சரி. சமையல் ஓவனை மட்டும் தொடாதீர்கள், பழைய ஓ.டி.ஜி. (சின்ன கரண்ட் ஓவன்) ஒன்றை மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.