ஓரலகு உயரத்தில்

அன்புள்ள ஐயா,

தளத்தில் ஒரு கோட்டின்மேல் மட்டும் கொடுக்கப்பட்ட சார்பு எத்தனை முறையும் வகையிடத்தக்கதாக இருந்தால், அதைத் தளம் முழுவதற்கும் ஹார்மோனிக் சார்பாக, அதாவது எந்தப் புள்ளியிலும் மதிப்பு அதைச் சுற்றிய வட்டத்தின் சராசரியாகவே இருக்கும் சார்பாக, நீட்டித்துவிடலாம். விளிம்பு மதிப்புகளிலிருந்து உட்புறத்தில் ஹார்மோனிக் சார்பைக் காணும் டிரிக்லே கணக்கின் தீர்வே அதைத் தந்துவிடுகிறது அல்லவா? மூடிய பரப்புகளுக்கும் இது பொருந்துமா? நெட் தேர்வுக்கு இப்பகுதி தேவைப்படுமா?

முதுகலைக் கணித மாணவர் ஒருவர்

அன்புள்ள தம்பிக்கு,

தேர்வைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். கோளம்போல் விளிம்பில்லாத மூடிய பரப்பொன்றில் மாறிலியைத் தவிர வேறு ஹார்மோனிக் சார்பே கிடையாது; அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது. என்னை எழுத வைத்தது உங்கள் 'அல்லவா'தான். அதே சொல்லை நானும் மாணவனாகக் கரும்பலகை முன் நின்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை, எக்ஸின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டிய தொகையால் வகுத்தால் வரும் சார்பை எக்ஸ் அச்சின்மேல் எழுதி, எங்குமே முறியாத இந்தச் சார்பு தளம் முழுவதும் நீளாமல் வேறு எது நீளும் என்றேன். ஆசிரியர் மறுக்கவில்லை. எக்ஸுக்குப் பதில் கலப்பெண்ணை இட்டு, மெய்ப்பகுதியை எடுத்து, ஒய் அச்சின்மேல் ஏறிப் பார்க்கச் சொன்னார். அரை அலகு உயரத்தில் மதிப்பு மூன்றில் நான்கு, 0.9-இல் ஐந்தைத் தாண்டியது, 0.99-இல் ஐம்பதைத் தாண்டியது. ஓரலகு உயரத்தில் மதிப்பென்று சொல்ல ஒன்றுமே இல்லை. வேறொரு நீட்சியைத் தேடலாமே என்று அப்போதும் விடாமல் வாதிட்டேன். தேடலாம், ஆனால் கிடைத்த நீட்சி எதுவாயினும், அதையும் எக்ஸ் அச்சுக்குக் கீழே தெரியும் அதன் பிம்பத்தையும் கூட்டிப் பாதியாக்கினால், அதுவும் ஹார்மோனிக் நீட்சியே, அச்சின்மேல் அதன் செங்குத்து வகைக்கெழு சுழி, அச்சின்மேல் மதிப்பும் செங்குத்து வகைக்கெழுவும் தெரிந்த ஹார்மோனிக் சார்பு ஒன்றே ஒன்றுதான் என்பதால், நான் எழுதி வெடித்த அதே சார்புதான் மறுபடியும் வந்து நிற்கும். ஒய் அச்சில் ஓரலகு மேலேயும் ஓரலகு கீழேயும் உள்ள இரண்டு புள்ளிகளையும் கடக்கும் நீட்சி எதுவும் இல்லை.

டிரிக்லே கணக்கு வேறு விஷயம். அது வட்டத்தின் விளிம்பிலிருந்து உட்புறத்தை நிரப்புகிறது, விளிம்புச் சார்பு தொடர்ச்சியாக மட்டும் இருந்தாலே போதும். நீங்கள் கேட்பதோ கோட்டின் இருபுறமும் நீள்வது. ஹார்மோனிக் சார்பு ஒவ்வொரு புள்ளியருகிலும் அடுக்குத் தொடராக விரிவது என்பதால், ஆதிப்புள்ளியில் எல்லா வகைக்கெழுக்களும் சுழியாகி, மற்ற இடங்களில் சுழியாகாத சார்பு, நீங்கள் கேட்ட தகுதியெல்லாம் இருந்தும், அப்புள்ளியருகே மயிரிழை தூரம்கூட நீளாது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது அசட்டை, தம்பி. அறியாமை என்றால் மன்னித்திருப்பேன். எனினும் மனம் தளர வேண்டாம். பின்னர் டிரிக்லேயின் பெயரைப் பெற்ற கொள்கையின்படி, விளிம்பு மதிப்புகளுக்கு ஏற்ற சார்புகளில் ஆற்றலை மீச்சிறிதாக்கும் சார்பு இருந்தே தீரும் என்று 1851-இல் கணித மேதை ரீமானே எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்று 1870-இல் வையர்ஸ்ட்ராஸ் காட்டினார்.

நேர்கோட்டுக்கு விடை இது: கலப்பெண் தளம் முழுவதும் குவியும் ஒரே அடுக்குத் தொடரால் தரப்படும் சார்பு மட்டுமே தளம் முழுவதும் நீளும். வட்டத்துக்கு இதே கணக்கை நீங்கள் செய்து அனுப்புங்கள். உட்புறம் தானாக நிரம்பிவிடும். வெளிப்புறத்தை மட்டும் பாருங்கள், வட்டத்தின்மேல் உள்ள சார்பை சைன், கொசைன் அலைகளின் கூட்டாக எழுதும்போது வரும் ஃபூரியே கெழுக்கள் எவ்வளவு வேகமாகச் சுழியை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.