பனிக்குப் போன மகனும் பனியிலிருந்து வந்த காரும்

திருகோணமலையில் பனி விழுவதில்லை. ஆனாலும் இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பனியைச் சுற்றியே இருந்தன. நம் பிள்ளைகள் பனி நாடுகளில் கார் ஓட்டுகிறார்கள். அங்கே ஓடிய கார்களும் டயர்களும் இங்கே வந்து விலைபோகின்றன. ஐந்து கடிதங்களை ஒன்றாக எடுத்திருக்கிறேன்.

கேள்வி: மகன் ரொறன்ரோவில் படிக்கிறான். போன மாதம் பழைய கார் ஒன்று வாங்கினான். விண்டர் டயர் போட ஆயிரம் டொலருக்குக் கிட்டக் கேட்கிறார்களாம். "நாலு சில்லும் இழுக்கிற கார் அம்மா, இருக்கிற டயரே காணும்" என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. சீட்டுக் காசு எடுத்து அனுப்பட்டுமா? (ஒரு தாய், உவர்மலை)

பதில்: அனுப்புங்கள் அம்மா. நாலு சில்லும் இழுக்கிற கார் பனியில் கிளம்புவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது. எந்தக் காருக்கும் பிரேக் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. அந்தச் சில்லுகள் வீதியைப் பிடித்தால்தான் கார் நிற்கும். என் அக்காவின் மகனும் ஸ்காபரோவில் உங்கள் மகன் சொன்னதையே சொல்லிக்கொண்டு ஒரு டிசம்பரைக் கடத்தப் பார்த்தவன். ஒரு காலை, ஆள் நடக்கிற வேகத்தில் சந்திக்கு வந்து பிரேக்கை மிதித்திருக்கிறான். கார் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல், மெல்ல மெல்ல, சந்தியின் நடு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனதாம். குறுக்கே எதுவும் வராதது அவன் செய்த புண்ணியம்.

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகப்போக, எல்லாக் காலத்துக்குமென்று விற்கும் ஓல்-சீசன் டயரின் இறப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய இறப்பர் ஐஸைப் பிடிக்காது. விண்டர் டயரின் இறப்பர் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். கத்தியால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகள் அதன் மேற்பரப்பு முழுவதும் இருக்கும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் சேர்ந்த முத்திரை இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது, அது ஓல்-சீசன் டயரிலும் இருக்கும். காசு மிச்சம் பிடிக்க இரண்டு டயரை மட்டும் மாற்ற விடாதீர்கள். முன்னால் பிடித்து, பின்னால் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நாலும் மாற வேண்டும்.

மகன் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் விண்டர் டயர் சட்டப்படி கட்டாயமில்லை. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஆனால் 2016 ஜனவரி முதல், விண்டர் டயர் போட்ட காருக்கு ஒன்ராறியோவின் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால், டயர் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தி, காப்புறுதிக்காரருக்கு அன்றே அறிவிக்கச் சொல்லுங்கள். தனி றிம்மோடு வாங்கினால் முதலில் செலவு கூடும். ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை டயரைக் கழற்றிப் பூட்டும் கூலி குறையும். ஒரு வருடம்தான் அங்கே இருப்பான் என்றால் 'ஓல்-வெதர்' டயர் ஒரு நடுவழி. அதிலும் அந்த மலை முத்திரை இருக்கும், கோடையிலும் கழற்றத் தேவையில்லை. 'ஓல்-சீசன்' வேறு, 'ஓல்-வெதர்' வேறு. கடையில் இந்தப் பெயர்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஓட்டுவதைப் பற்றியும் சிலது சொல்லி வையுங்கள். பாலங்கள் மற்ற வீதிக்கு முன்பே உறையும். நனைந்த தார் மாதிரித் தெரிவது சில வேளை கண்ணாடி போன்ற ஐஸாக இருக்கும். வழுக்கினால் பதறி ஸ்டீயரிங்கை வெட்டக் கூடாது. அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து மெதுவாகத் திருப்ப வேண்டும். பனியில் குரூஸ் கொன்ட்ரோல் (காரின் வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் வசதி) போடவே கூடாது. பனியில் புதைந்து நிற்கும் காரை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சைலன்சர் வாயைத் தோண்டித் திறந்துவிட வேண்டும். அது அடைபட்டிருந்தால் நச்சுப் புகை காருக்குள் வந்து ஆளைக் கொன்றுவிடும். மற்றதை மறந்தாலும் இதை மறக்காமல் சொல்லுங்கள் அம்மா.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டயர் நாலு, வெட்டெல்லாம் ஆழமாக, புதிது போலவே இருக்கிறது. புது டயரின் அரை விலைக்குத் தருகிறார்கள். பக்கத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறது. வாங்கலாமா? (ஒரு வான் சாரதி, கிண்ணியா)

பதில்: வேண்டாம் தம்பி. மேலே அந்தத் தாயிடம் மகனுக்கு வாங்கிக் கொடுக்கச் சொன்ன டயர்தான் இது. ஆணி பதித்த டயர்கள் வீதியைக் கீறித் தூசி கிளப்பியதால், ஜப்பான் 1990இல் சட்டம் போட்டு அவற்றைக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு அங்கே குளிர்காலத்துக்கு எல்லோரும் போடுவது ஆணியில்லாத இந்த ஸ்டட்லெஸ் டயரைத்தான். குளிருக்குச் செய்த மெத்து இறப்பர் நம் வெயிலில் இன்னும் இளகும். வளைவுகளில் கார் மிதப்பது போல இருக்கும். ஆழமாகத் தெரியும் வெட்டு மாதக்கணக்கில் தேய்ந்துவிடும். மழையில் பிரேக் பிடித்தால் வழக்கத்தைவிடத் தூரம் ஓடித்தான் நிற்கும். மார்கழி மழைக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வெருகல் பக்கம் போய்வருகிற உங்களுக்கு அது ஆகாது.

எந்த டயரானாலும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3821 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்தது. வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் கடந்த டயரைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு நுவரெலியா போகிறோம். அங்கே உறைபனி என்று செய்தியில் காட்டுகிறார்கள். காருக்கு விசேஷமாக ஏதும் வாங்க வேண்டுமா? (நிலாவெளி)

பதில்: ஒன்றும் வேண்டாம். அது அதிகாலையில் புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் படியும் வெள்ளை, வெயில் ஏறியதும் போய்விடும். அங்கே கவனிக்க வேண்டியவை புகாரும் இறக்கமும்தான். புகாரில் டிம் லைட்டில் ஓட்டுங்கள். றம்பொடை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்திருக்காமல் சின்னக் கியரில் இறங்குங்கள், ஹைபிரிட் என்றால் ஆங்கில 'B' நிலையில் போடுங்கள் (பார்க்கிங்குக்கான 'P' அல்ல). போகும் முன் பிரேக் பாட்டையும் வைப்பர் இறப்பரையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: "கூலன்ட் பனி நாட்டுக்காரருக்கு, இங்கே கிணற்றுத் தண்ணீரே காணும்" என்கிறார் எங்கள் கராஜ்காரர். சரியா? (சாம்பல்தீவு)

பதில்: பாதிதான் சரி. எஞ்சின் சூட்டைத் தணிக்க றேடியேற்றரில் ஊற்றும் கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் சைபருக்குக் கீழே 37 பாகை வரை உறையாது. அந்தக் குணம் நமக்குத் தேவையில்லை. ஆனால் அதே கலவை தண்ணீரைவிடக் கூடிய சூட்டில்தான் கொதிக்கும், றேடியேற்றருக்குள் கறள் பிடிக்காமல் தடுக்கும் மருந்தும் அதில் இருக்கிறது. நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் றேடியேற்றருக்குள்ளும் படியும். கூலன்டே ஊற்றுங்கள். கலந்து வருவதை வாங்கினால் அப்படியே ஊற்றலாம், கலக்காமல் வருவதை வாங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலவுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மேலே ஒரு கீறல் இல்லை. உள்ளே புது மணம். ஜப்பான் ஏலத்தில் காரைச் சோதித்து எழுதிக் கொடுக்கும் ஏலத் தாளில் 4 புள்ளி. கராஜ் வைத்திருக்கும் மச்சான் மட்டும் "பனி ஊரில் ஓடின கார் போல இருக்கு, கீழே பார்" என்கிறார். கீழே எட்டிப் பார்த்தேன், புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்து அழகாக இருக்கிறது. முற்பணம் கொடுக்கலாமா? (லிங்கநகர்)

பதில்: உங்கள் மச்சான் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் புதுக் கறுப்புப் பெயின்டுதான் எனக்கு உறுத்துகிறது.

ஹொக்கைடோ, அவோமோரி, அகிதா, நீகதா போன்ற இடங்களில் குளிர்காலம் முழுவதும் வீதியில் உப்புக் கொட்டுவார்கள். உப்புக் கலந்த தண்ணீர் சுலபத்தில் உறையாது என்பதால். சாதாரண உப்போடு கல்சியம் குளோரைட்டும் போடுவார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்து நனைந்தபடி இருக்கும் உப்பு. காரின் அடியில் சட்டங்களின் இடுக்குக்குள் போனால் இலேசில் வெளியே வராது. அப்படி ஒரு காரை நம் கடற்காற்றுக்குக் கொண்டுவந்தால், ஜப்பானில் தொடங்கிய கறள் உள்துறைமுக வீதியில் இன்னும் வேகமாக வளரும்.

இரண்டு வருடத்துக்கு முன் என் அத்தானுக்கு ஒரு வான் பார்க்கப் போனேன். அதற்கும் அடியில் பளபளவென்று கறுப்பு. ராம்பில் ஏற்றி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பின் சில்லுப் பக்கம் சட்டத்தில் தட்டினேன். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்று கேட்டது. இன்னொரு தடவை தட்டியதும் கறுப்புப் பெயின்டு ஒரு தோலாகக் கழன்று விழுந்தது. அதற்குள் செம்மஞ்சள் நிறத்தில், பாரை மீனின் செதில் மாதிரி அடுக்கடுக்காக இரும்பு. விரலால் தொட்டால் உதிர்ந்தது. விற்க வந்தவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசாமல் வந்துவிட்டோம்.

எட்டிப் பார்ப்பது போதாது, சேர்விஸ் ஸ்டேஷனில் ராம்ப் ஏற்றுங்கள், கையில் டோர்ச்சோடு போங்கள். பிரேக் பைப், பெற்றோல் டாங்கைத் தாங்கும் பட்டை, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பின் அச்சு, ஜாக்கி வைக்கும் விளிம்பு, ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். சைலன்சரில் இலேசான கறள் எல்லாக் காரிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். போல்ட் தலைகள் தேய்ந்து உருண்டையாகியிருந்தால் கவனிக்க வேண்டும். கறுப்புப் பெயின்டு றப்பர்க் குழாயிலும் சைலன்சரிலும் சேர்ந்து பட்டிருந்தால், அது கம்பனியில் அடித்ததல்ல, விற்பதற்காக அடித்தது. முன் கண்ணாடியின் அடிப்பக்கம் வைப்பர் கிடக்கும் இடத்தில் மெல்லிய சூட்டுக் கம்பிகள் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஐஸ் உருகுவதற்கு வைத்தது அது, குளிர்ப் பிரதேசத்துக்கென்று செய்த கார் என்பதன் அடையாளம். அது இருந்தால் மட்டும் கறள் இருக்கிறது என்றாகாது, ஆனால் இரண்டு மடங்கு கவனமாகத் தேடுங்கள்.

ஏலத் தாளின் 4 புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். அந்தத் தாளில் உள்ள காரின் படத்தில் 'எஸ்' என்ற எழுத்து கறளையும், 'சி' அரிப்பையும் குறிக்கும். அடிப்பாகக் கறளைப் பெரும்பாலும் படத்தில் காட்டாமல் குறிப்புப் பகுதியில் ஜப்பானிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். 'ஷிதமவாரி சபி' என்றால் அடிப்பாகக் கறள் என்று பொருள். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் அந்தப் பகுதியை வாசிக்கக் கொடுங்கள். செஸி இலக்கம் தாளிலும் காரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒத்துப் பாருங்கள்.

மேலோட்டமான கறள் என்றால் கம்பித் தூரிகையால் சுரண்டி, கறள் மருந்து பூசி, இடுக்குகளுக்கு மெழுகு அடித்துப் பல வருடம் ஓட்டலாம். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். சட்டத்திலோ ஸ்பிரிங் கிண்ணத்திலோ செதில் எழும்பியிருந்தால், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்பதையும் ஏற்காதீர்கள்.

வாங்குவதென்று முடிவானால், 'அடிப்பாகத்தில் கறள் இல்லை, விபத்துப் படாதது' என்று விற்பனையாளரைக் கொண்டு ரசீதிலேயே எழுதுவித்துக் கையெழுத்து வாங்குங்கள். சொன்னது பொய்யானால், விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்தில் ஆலோசனையும் கேட்கலாம். விற்பவர் வியாபாரியாக இருந்தால்தான் இந்த வழி கைகொடுக்கும். தனி ஆளிடம் வாங்கினால் உங்கள் கையிலிருக்கும் தாள்தான் துணை. ராம்பில் ஏற்ற விடமாட்டேன் என்று விற்பவர் மறுத்தால் முற்பணம் கொடுக்காமல் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.