“மகன் சும்மா இருக்கிறான்” என்று இனிச் சொல்லாதீர்கள்

கேள்வி: நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது 63. மகனுக்கு 24. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தான்; அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதாமல் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது இரவு முழுவதும் மடிக்கணினிக்கு முன்னால் இருக்கிறான், காலையில் பத்து மணிக்கு எழும்புகிறான். கனடாவில் ஒரு கம்பனிக்கு வீடியோ தொகுத்துக் கொடுக்கும் வேலையாம். அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் கோரிய வர்த்தமானியை அவனுடைய மேசையில் வைத்தேன். இரண்டு கிழமையாக அப்படியே கிடக்கிறது. கரண்ட் பில்லையும் தாயின் சீனி வருத்தத்து மருந்தையும் அவன் பார்த்துக்கொள்கிறான், அது வேறு. மகளுக்கு வீடு கட்ட வேண்டும். கலியாண வீடுகளில் மகன் என்ன செய்கிறார் என்று கேட்டால், “சும்மா இருக்கிறான்” என்று சொல்கிறேன். எங்களைப் போல் கஷ்டப்பட்டு வளராததால்தானா இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள்?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் “அது வேறு” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மாதம் தவறாமல் கரண்ட் பில் கட்டுகிறவர், தாய்க்கு மருந்து வாங்குகிறவர் எப்படி ஐயா சும்மா இருக்கிறவர் ஆவார்?

முதலில் அந்தப் பத்து மணியைப் பார்ப்போம். ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால், பருவத்தைப் பொறுத்து நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. அங்கே வேலை முடியும் மாலை 5 மணி, இங்கே விடியப்புறம் இரண்டரை மூன்றரை. அதற்குப் பிறகுதான் உங்கள் மகன் படுக்கிறார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை விளையும் காலத்தில், யானைக் காவலுக்கு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போய் இரவு முழுவதும் பரணில் கண்விழித்துவிட்டு வருகிறவர் பகலில் தூங்கினால் அவரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. வீட்டில் பிள்ளைகளைச் சத்தம் போடவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் மகனும் இரவுக் காவல்தான் இருக்கிறார். அவருடைய வட்டை உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, கஷ்டம் தெரியாமல் வளர்ந்த பிள்ளை என்கிறீர்கள். இதைப் பல வீடுகளில் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்கவில்லை. உங்கள் மகன் பிறந்த ஆண்டிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சுனாமி வந்தபோது அவருக்கு மூன்று வயது. 2007 இன் தொடக்கத்தில் படுவான்கரைச் சனம் ஷெல்லுக்குத் தப்பி வாவியைக் கடந்து வந்து உங்கள் பக்கத்து முகாம்கள் நிரம்பியபோது முதலாம் வகுப்புக்குப் போகிற வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்தபோது கொரோனா வந்து பாடசாலை பூட்டப்பட்டு, 2020 ஓகஸ்ட்டில் நடக்க வேண்டிய பரீட்சை ஒக்ரோபருக்குத் தள்ளிப்போனது. 2022 இல் உங்கள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பெற்றோல் வரிசையில் காத்து நின்றது யார் என்று யோசித்துப் பாருங்கள். 1978 சூறாவளியை 16 வயதில் பார்த்தவர் நீங்கள், 1990 இன் யுத்தத்தையும் பார்த்தவர். அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அவருக்குக் கஷ்டம் தெரியாது என்பது உண்மையில்லை.

உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள பிணக்கு வேறு இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். யுத்த காலத்தில் வட்டைக்குப் போக முடியாது, வாவியில் இறங்க முடியாது, கடை திறக்க முடியாது. அப்போதும் ஆசிரியர் சம்பளம் வந்தது. அந்த ஒரு சம்பளத்தில் எத்தனை உறவுக்காரர் வீட்டு அடுப்பு எரிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அரசாங்க உத்தியோகம் உங்கள் தலைமுறைக்கு உயிர்காத்த தோணி. உங்கள் மகன் கண்டது 2022 ஐ. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அரிசியும் பால்மாவும் ஏறிக்கொண்டே போக, உங்கள் சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றதை அவர் ஒரே வீட்டில் இருந்து பார்த்தார். டொலரில் உழைத்த வீடுகள் தப்பியதையும் பார்த்தார். அதற்கும் முன்னால், 2017 இல், மட்டக்களப்புக் காந்திப் பூங்கா முன் வேலையற்ற பட்டதாரிகள் அரசாங்க வேலை கேட்டு மாதக்கணக்கில் போராட்டம் இருந்ததை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் பாடசாலைக்குப் போனார்கள். எது பாதுகாப்பு என்பதை நீங்கள் ஓர் அழிவிலிருந்து கற்றீர்கள், அவர் இன்னோர் அழிவிலிருந்து கற்றார்.

இதை அவரிடம் நீங்கள் சொன்னதுண்டா? “விண்ணப்பம் போடு” என்று மட்டும் சொன்னால் அது அவர் காதில் ஏச்சாகத்தான் விழும். 1990 இல் அந்தச் சம்பளத்தை வாங்கக் கையொப்பம் போட்ட நாளைப் பற்றி ஒரு மாலை இருந்து சொல்லுங்கள். “அப்பாவுக்கு ஒன்றும் விளங்காது” என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அதுவும் தவறுதான், அது அப்போதுதான் மாறும். பிறகு அவருடைய வேலையைக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருங்கள். 

உங்கள் பயத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். தனியார் கம்பனியில் சேர்ந்திருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் நூற்றுக்கு 8 போகும், முதலாளி 12 போடுவார். இப்படித் தனியாக உழைக்கிறவருக்கு அந்த 12 ஐப் போட யாரும் இல்லை, பென்சனும் இல்லை. வருகிற பணத்தில் முதுமைக்கென்று எதை ஒதுக்குகிறாய், இந்தக் கம்பனி நாளை வேலை தராவிட்டால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று கேளுங்கள். மகளுக்குக் கட்ட வேண்டிய வீட்டின் கணக்கையும் அந்த இடத்திலேயே திறந்து வையுங்கள். மறைக்கிற கணக்கைவிடத் தெரிந்த கணக்குக்குப் பிள்ளைகள் தோள்கொடுப்பார்கள்.

அடுத்த கலியாண வீட்டில் யாராவது கேட்டால், “மகன் கனடாக் கம்பனி ஒன்றுக்கு வீடியோ வேலை செய்கிறார்” என்று, அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

மேசையில் கிடக்கும் வர்த்தமானியின் இறுதித் திகதி என்னவென்று நீங்கள் எழுதவில்லை. அது கடப்பதற்கு முன் ஒருமுறை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, “மனே, இதைப் போட உனக்கு விருப்பமா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை நீங்களே எடுத்து மடித்து வைத்துவிடுங்கள்.