பென்சிலில் எழுத வேண்டிய லீக்

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் மரடோனா பற்றிய ஒரு கேள்விக்கு, "மெக்ஸிகோவில் இரண்டாம் டிவிஷன் அணிக்குக்கூட கோச்சாக இருந்தார், எதிரணியான சான் லூயிஸ் மீண்டும் முதல் டிவிஷனுக்கு ஏறிய வருஷம் அது" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதத் தபாலில் பாதி. ஒரு திருத்தமும் வந்திருக்கிறது. மற்ற விளையாட்டுக்காரர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரடோனா, அதுவும் இரண்டாம் டிவிஷனில்? கதை விடுகிறீர்களா?

கதை இல்லை. 2018 செப்டம்பரில் நடந்தது. ஊர் குலியாகான், சினலோவா மாநிலத்தின் தலைநகர். அங்கே கால்பந்தைவிட பேஸ்பாலுக்குத்தான் மவுசு. 'தொமாதேரோஸ்', அதாவது தக்காளிக்காரர்கள் என்ற பேஸ்பால் அணிக்குத்தான் ஊரின் முதல் மரியாதை. 2003-இல் தொடங்கிய தொராதோஸ் கால்பந்து கிளப்பின் சின்னம் ஒரு மீன். சினலோவா என்றாலே செய்தித்தாள்களுக்குப் போதைக் கும்பல் ஞாபகம் வரும். மரடோனாவுக்கோ பழைய கொக்கெய்ன் சரித்திரம். இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தலைப்பு எழுத உலகம் முழுக்க ஆள் இருந்தது.

அவர் வந்தபோது தொராதோஸ் அந்தப் போட்டித்தொடரில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. செப்டம்பர் 17, அவருடைய முதல் ஆட்டம். எதிரணி தபாச்சுலா (இந்தப் பெயரை மனசில் வையுங்கள், திரும்ப வரும்). 4-1 வெற்றி. ஈக்வடார்காரர் வினீசியோ அங்குலோ மூன்று கோல். அப்புறம் ஜெயித்துக்கொண்டே போனார்கள். ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் மரடோனா பையன்களோடு டான்ஸ் ஆடுவார். முழங்கால் தேய்ந்து, நடப்பதற்கே சிரமப்பட்ட மனிதர். பாட்டுச் சத்தம் கேட்டால் மட்டும் இடுப்பு தானாக அசையும். அந்த வீடியோக்களை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

இறுதிச் சுற்றில் எதிரே அத்லெதிகோ சான் லூயிஸ். முதல் ஆட்டம் 1-0, தொராதோஸுக்கு. அதில் நடுவர் மரடோனாவை வெளியேற்றிவிட்டார். இரண்டாவது ஆட்டத்தில் கூடுதல் நேரம் போய் 4-2, சான் லூயிஸுக்கு. கூட்டிப் பார்த்தால் ஒரே கோல் வித்தியாசம். சரி, விடு என்று அடுத்த தொடரிலும் இறுதிச் சுற்று வரை அணியைக் கொண்டுவந்தார். 2019 மே மாதம், மறுபடி சான் லூயிஸ், மறுபடி கூடுதல் நேரம், மறுபடி ஒரு கோலில் தோல்வி. ஜூனில் உடல்நிலையைச் சொல்லி விலகிவிட்டார்.

கேள்வி: ஒரே சீசனில் இரண்டு இறுதிப் போட்டியா? புரியவில்லை.

மெக்ஸிகோவில் வருஷத்துக்கு இரண்டு சாம்பியன். ஜூலையில் தொடங்குவது 'அப்பெர்துரா', ஜனவரியில் தொடங்குவது 'க்ளவுசூரா'. திறப்பு, அடைப்பு என்று அர்த்தம். ஒவ்வொன்றிலும் புள்ளிப் பட்டியலில் மேலே இருப்பவர்கள் 'லிகிய்யா' என்ற நாக் அவுட்டுக்குப் போவார்கள். பட்டியலில் முதலிடம் வந்தால் சாம்பியன் என்று நினைத்துவிடாதீர்கள், நாக் அவுட்டுக்குள் நுழைய அது ஒரு டிக்கெட், அவ்வளவுதான். இரண்டாம் டிவிஷனில் இந்த இரண்டு சாம்பியன்களும் வருஷக் கடைசியில் மோதுவார்கள். 2020 வரை, ஜெயிப்பவர் முதல் டிவிஷனுக்கு ஏறுவார். ஒரே அணி இரண்டையும் தட்டிச் சென்றால் மோதலே தேவையில்லை. சான் லூயிஸ் ஏறியது அப்படித்தான். அதற்குப் பின் களத்தில் ஜெயித்து எந்த அணியும் ஏறியதில்லை. ஏன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

கேள்வி: மேலே இருந்து இறங்குவது யார்? கடைசி இடம் வந்தவர்தானே?

அதுதான் இல்லை. 'கொசியென்தே' என்று ஒரு கணக்கு: மூன்று வருஷத்தில் எடுத்த புள்ளிகளை ஆடிய ஆட்டங்களால் வகுப்பது. 2020 வரை, அதில் கடைசி என்றால் கீழே. பெரிய கிளப்பு ஒரு வருஷம் சொதப்பினாலும் பழைய புள்ளிகள் காப்பாற்றும். புதிதாக ஏறி வந்தவனுக்குப் பழைய சேமிப்பு ஏது?

2006-இல் இந்தக் கணக்கில் இறங்கியதும் இதே தொராதோஸ்தான். அப்போது அந்த அணியின் நடுக்களத்தில் ஆடியவர் யார் தெரியுமா? பின்னாளில் கோச்சாக உலகப் புகழ் பெற்ற பெப் குவார்தியோலா. தன் குருநாதர் போல மதித்த ஹுவான் மனுவேல் லில்லோ அங்கே கோச் என்பதற்காகவே வந்தார். பத்து ஆட்டம், ஒரு கோல்.

கேள்வி: சான் லூயிஸ் "மீண்டும்" ஏறியது என்று எழுதியிருந்தீர்கள். பழைய சான் லூயிஸ் கிளப்பு வேறு, இது வேறு. திருத்திக்கொள்ளவும்.

தப்பு என்னுடையதுதான். நீங்கள் சொன்னதே சரி. எப்படித் தப்பு நடந்தது என்று சொன்னால் மன்னிப்பீர்கள்.

2013 மே மாதம் லா பியதாத் என்ற சின்ன ஊர் அணி, நேசா அணியை வென்று முதல் டிவிஷனுக்குத் தகுதி பெற்றது. ஊர் மிச்சோவகான் மாநிலத்தில் இருக்கிறது. அணிக்குச் செல்லப் பெயர் 'ரெபோசேரோஸ்': பெண்கள் தோளில் போர்த்தும் ரெபோசோ என்ற நீளத் துணியை நெய்பவர்கள். ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடியது. கொண்டாடி முடிப்பதற்குள் முதல் டிவிஷன் இடம் கடற்கரை நகரமான வெராக்ரூஸுக்குப் போய்விட்டது. மெக்ஸிகோவில் இடம் என்பது ஒரு உரிமப் பத்திரம். உரிமையாளர் நினைத்தால் ஊர் மாற்றலாம்.

அதோடு முடிந்ததா? வெராக்ரூஸில் ஏற்கெனவே ஒரு இரண்டாம் டிவிஷன் அணி இருந்தது. அதை சான் லூயிஸ் பொதோசிக்கு அனுப்பினார்கள். சான் லூயிஸில் ஏன் இடம் காலி? அங்கிருந்த முதல் டிவிஷன் அணி சியாபாஸ் மாநிலத்துக்குப் போனது. சியாபாஸில் ஏன் காலி? அங்கிருந்த அணி கெரேதாரோவுக்குப் போனது. கெரேதாரோவில் ஏன் காலி? அந்த ஊர் அணி இறங்கிவிட்டது. கொசியென்தேயில் இறங்கிய ஊர், பத்திரம் வாங்கி மேலேயே உட்கார்ந்துகொண்டது. களத்தில் ஜெயித்து ஏறிய ஊருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தோற்றுப்போன நேசாவின் பத்திரமும் நிற்கவில்லை, சியுதாத் தெல் கார்மென் என்ற ஊருக்குப் போய் 'தெல்ஃபினெஸ்', அதாவது டால்ஃபின்கள் என்ற அணி ஆகிவிட்டது.

ஆக, மரடோனாவைத் தோற்கடித்த சான் லூயிஸ் பூர்வீகத்தில் ஒரு வெராக்ரூஸ் பத்திரம். இந்த லீக்குக்காக நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதலில் பேனாவில் எழுதினேன். 2013 பக்கம் முழுக்க அம்புக்குறி போட்டு, அடித்து, தாளே கிழிந்த பிறகு பென்சிலுக்கு மாறினேன். போன இதழில் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் ஞாபகத்தில் எழுதியதுதான் வினை.

கேள்வி: இந்த லீக்கில் யாருக்குத்தான் நியாயம் கிடைத்தது? வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் எரியட்டும். தபாச்சுலாவுக்கு வருகிறேன். குவாத்தமாலா எல்லையோரம், காபித் தோட்டப் பகுதி. அணியின் பெயரே 'கஃபேதலேரோஸ்', காபி விளைவிப்பவர்கள். 2018 மே மாதம் வஹாகா அணியை வென்று ஏறும் உரிமையை ஜெயித்தார்கள். ஆனால் மைதானம், நிதி என்று முதல் டிவிஷன் கேட்கிற நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லை. ஏறவில்லை. இறங்கவேண்டிய புவெப்லா நகரத்து லோபோஸ் அணி 12 கோடி பெசோ கட்டிவிட்டு மேலேயே இருந்தது, பணம் தபாச்சுலாவுக்குப் போனது. கோப்பை கையில், காசோலை பையில், அடுத்த சீசனில் மறுபடி இரண்டாம் டிவிஷன். அந்த சீசனில்தான் மரடோனாவிடம் நாலு கோல் வாங்கினார்கள்.

பிறகு? 2019-இல் அந்தப் பத்திரம் துஸ்த்லா குத்தியெர்ரெஸ் போனது, 2020-இல் கான்கூன் போனது. காபித் தோட்டத்தில் பிறந்த அணி இப்போது சுற்றுலாக் கடற்கரையில்.

கேள்வி: வெராக்ரூஸ் என்ன ஆயிற்று?

லா பியதாத்தின் சாபம் என்று சொல்லத் தோன்றும், சொல்லமாட்டேன். 2019-இல் கொசியென்தேயில் கடைசி. 12 கோடி பெசோ கட்டித் தங்கினார்கள். அந்தப் பணம் இருந்ததே, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. அக்டோபரில் தீக்ரெஸ் அணியோடு ஆட்டம். விசில் அடித்தாகிவிட்டது, வெராக்ரூஸ்காரர்கள் பதினோரு பேரும் அசையாமல் நின்றார்கள். எதிரணியும் சேர்ந்து நிற்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. அவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு கோல் அடித்தார்கள். சிலை மாதிரி நின்ற கோல்கீப்பரைத் தாண்டி பந்து போனதைப் பார்த்தபோது எனக்குத் தீக்ரெஸ் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. டிசம்பரில் கடன் பாக்கிக்காக கிளப்பின் அங்கத்துவமே ரத்து. லா பியதாத் ஜெயித்த இடம் அங்கே காலாவதியானது.

கேள்வி: ஒரு நல்ல கதையாவது சொல்லுங்களேன்.

லியோன். தோல் பதனிடும் ஊர், செருப்புக்குப் பேர்போன ஊர். ஆட்களுக்குப் 'பச்சை வயிறு' என்று பட்டப்பெயர்; தோலுக்குப் போடும் சாயம் வேலை செய்கிறவர்கள் வயிற்றில் ஒட்டிக்கொள்ளுமாம். அணிக்கும் பச்சைதான். 2002-இல் இறங்கினார்கள். 2003, 2004, 2008 என்று மூன்று முறை ஏறும் இறுதிப் போட்டியில் தோற்றார்கள். அதில் 2004-இல் தோற்கடித்தது அப்போது ஒரு வயதுக் குழந்தையான தொராதோஸ். இறங்கிப் பத்து வருஷம் கழித்து, 2012 மே மாதம், கோர்ரெகமினோஸ் அணியைத் தாண்டி ஏறினார்கள். ஏறிய இரண்டே வருஷத்தில் முதல் டிவிஷனை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றார்கள், அப்பெர்துரா 2013, க்ளவுசூரா 2014. மெக்ஸிகோவின் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர் ரஃபா மார்க்கெஸ் கேப்டன். கீழே இருந்தவனுக்கு ஆடத் தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் எடுத்து நீட்டும் பக்கம் இது.

கேள்வி: விசித்திரமான மைதானம் ஏதாவது?

தம்பிக்கோ! பெயரைப் பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளை போல இருக்கும். தம்பிக்கோ, மதேரோ என்று ஒட்டியிருக்கும் இரண்டு நகரங்கள். எல்லைக்கோட்டின் மேலேயே தமௌலிபாஸ் மைதானம். பாதிக் களம் ஒரு ஊர், மறுபாதி அடுத்த ஊர். இடைவேளையில் பக்கம் மாறினால் ஊரே மாறிவிடும். அணியின் சின்னம் நண்டு, 'சீறும் நண்டு'. 2020 அப்பெர்துரா சாம்பியன்.

கேள்வி: இப்போது அங்கே நிலைமை என்ன?

2020 ஏப்ரலில் முதல் டிவிஷன் முதலாளிகள் கூடி, ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவைத்தார்கள். இரண்டாம் டிவிஷனுக்கு 'லிகா தெ எக்ஸ்பான்சியோன்' என்று புதுப் பெயர். கீழ் கிளப்புகள் பண நெருக்கடியில் இருக்கின்றன, காப்பாற்றுகிறோம் என்று காரணம். கொசியென்தேயில் கடைசி மூன்று இடத்துக்கு 12 கோடி, 7 கோடி, 5 கோடி பெசோ அபராதம். அந்த 24 கோடியை அப்போதிருந்த 12 கிளப்புகளுக்குத் தலைக்கு 2 கோடியாகப் பிரிப்பது என்று திட்டம். கூட்டல் கழித்தல் கச்சிதம். கால்பந்துதான் காணோம். மூன்றாம் டிவிஷனிலிருந்து வந்த தெபாதித்லான் என்ற முட்டைப் பண்ணை ஊர் அணி 2021-இல் சாம்பியன் ஆனது, ஆனால் ஏறுவதற்கு வாசல் இல்லை. அடுத்த வருஷம் மொரேலியா சாம்பியன். அதற்கும் அதே கதி.

கேள்வி: உங்கள் அபிமான அணி எது? மழுப்பாமல் சொல்லவும்.

சகதேபெக். மொரெலோஸ் மாநிலத்தில் கரும்பாலை ஊர். இவ்வளவு சின்ன ஊர் 1955-லும் 1958-லும் நாட்டின் முதல் டிவிஷன் சாம்பியன். 'கோருகோ' தியாஸ் மைதானத்துக்குக் 'கரும்புக் காடு' என்று பெயர். நடுப்பகல் ஆட்டத்துக்குச் சற்று முன் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடுவார்கள், வெயிலில் ஆவி கிளம்பி வந்த அணிக்கு மூச்சு முட்டும் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அந்தக் கதைக்காகவே பிடித்துப்போயிற்று.

2020-இல் மொரேலியாவின் முதல் டிவிஷன் அணியை மசத்லானுக்குக் கொண்டுபோனார்கள். மொரேலியாவில் ரசிகர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இரண்டாம் டிவிஷனிலாவது ஒரு அணி வேண்டுமே. எந்தப் பத்திரத்தை எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? நோட்டில் சகதேபெக் பெயரை நான் இன்னும் அழிக்கவில்லை. அம்புக்குறி மட்டும் போட்டிருக்கிறேன், பென்சிலில்.